தொப்பியின் நாதமும் காரின் ஊஃபரும்

நம் இல்லத்து இளைஞர் பலர் கார் வாங்கியவுடன் நாடுவது சப்ஊஃபர் என்னும் ஒலிபெருக்கியை. அதனை எவ்வாறு பொருத்துவது, பழுது நேரின் எங்கே தேடுவது என்பதை இம்மாதம் எழுதுகிறேன்.

மிருதங்கத்தின் இடப்பக்கத்துத் தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்புவதை நாம் கண்டிருக்கிறோம். பாரம் ஏறிய தோல் மெதுவாக அதிர்ந்து தாழ்ந்த நாதம் எழுப்புகிறது. சப்ஊஃபரின் பணியும் அதுவே. விநாடிக்குச் சுமார் 80 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்ட ஒலியை அது தருகிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு மிகுந்த காற்றை அசைத்தாக வேண்டும். ஆகவேதான் பெரிய கூம்பும், மிகுந்த மின்சாரமும் தேவைப்படுகின்றன.

இனி, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மைத்துனர் தம் பழைய காரில் ஒரு கடையில் இதனைப் பொருத்திக்கொண்டார். ஒரு ஞாயிறன்று குழந்தைகளுடன் முலுண்டிலிருந்து மாட்டுங்காவுக்குப் புறப்பட்டோம். சிறிது தூரத்திலேயே ரப்பர் கருகும் வாடை வந்தது. உடனே நிறுத்தி, குழந்தைகளை இறக்கி அப்பால் நிற்கச் செய்தோம். நல்லவேளையாகப் புகை எழவில்லை. பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டுப் பார்த்தோம். என்ஜினுக்கும் நம் இருக்கைக்கும் இடையிலுள்ள தகட்டின் துளையில் ரப்பர் வளையம் இல்லை. தகட்டில் உரசி உரசிச் சிவப்புக் கம்பியின் மேலுறை தேய்ந்திருந்தது. பேட்டரியருகே ஃப்யூஸும் இல்லை!

"பன்னிரண்டு வோல்ட்தானே அத்தான், என்ன செய்துவிடும்?" என்றார் மைத்துனர். தொட்டால் அதிர்ச்சி தராது என்பது மெய்யே. ஆனால் கணக்கைப் பாருங்கள். 230 வோல்ட்டில் ஓடும் 75 வாட் மின்விசிறி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆம்பியரே இழுக்கும். 12 வோல்ட்டில் 500 வாட் எனில் 40 ஆம்பியருக்கு மேல்! கம்பி தகட்டைத் தொட்டுவிட்டாலோ, பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர்களைக் கொட்டிவிடும். ஆம்ப்ளிஃபயரிலுள்ள ஃப்யூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காக்குமேயன்றி, வழியிலுள்ள கம்பியைக் காவாது. எனவே பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள், கம்பியின் பருமனுக்கு ஏற்ற ஃப்யூஸ் ஒன்று இருந்தே தீர வேண்டும்.

அடுத்தது எர்த் கம்பி. அது குட்டையாக இருத்தல் நலம். பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பில் முடுக்க வேண்டும். பாட்டைக் கொண்டுவரும் கம்பியை, மின்கம்பி செல்லும் பக்கத்திற்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுசெல்க.

பழுது தேடுவது, கணக்கில் பிழை காண்பது போன்றது. பத்தி பத்தியாகவே சரிபார்க்க வேண்டும். ஒலியே இல்லையெனில் முதலில் ஃப்யூஸ், பின் எர்த், அதன்பின் ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் மெல்லிய ரிமோட் கம்பி. என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ரீங்காரம் கேட்டால், பெரும்பாலும் எர்த் பிழையே. பாட்டு ஓடியும் தாழ்நாதம் மெலிந்திருந்தால், ஊஃபரின் இரு கம்பிகளையும் இடம் மாற்றி, ஓட்டுநர் இருக்கையிலமர்ந்து கேளுங்கள். எது நிறைவாக ஒலிக்கிறதோ அதுவே சரி. ஒலி கரகரத்தால் கெயின் திருகைக் குறையுங்கள். அது சத்தத்தைக் கூட்டும் திருகு அன்று; ரேடியோவின் ஒலிக்கு ஆம்ப்ளிஃபயரை இசைவிக்கும் திருகு.

இறுதியாக ஒன்று. தாழ்ந்த ஒலி சுவரைத் துளைத்துச் செல்லும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என வரையறுத்துள்ளன. விதி ஒருபுறமிருக்க, இரவுப் பணி முடித்து உறங்குவோரும் கைக்குழந்தைகளும் நம் கட்டடங்களில் உண்டு. தொப்பியின் நாதம் பாட்டைத் தாங்க வேண்டுமேயன்றி மூழ்கடித்தல் ஆகாது. என் மைத்துனர் இப்பொழுது வாயிலில் நுழையும்போதே ஊஃபரை நிறுத்திவிடுகிறார்.

இதை வாசித்து முடித்ததும், பானெட்டைத் திறந்து அந்தச் சிவப்புக் கம்பியை ஒருமுறை பாருங்கள். ஃப்யூஸ் இல்லையெனில், அதை மாட்டும்வரை கம்பியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.