தேவாங்குக்கு வேண்டியது வேலி

ஒல்லியாகவும் கண் பெரிதாகவும் ஒரு பெண் வகுப்பில் இருந்துவிட்டால் போதும், உடனே அவளுக்குத் 'தேவாங்கு' என்று பெயர் சூட்டி விடுகிறோம். ஏழாம் வகுப்பில் அந்தப் பெயர் எனக்கு இருந்தது. அதற்காக அழுதும் இருக்கிறேன். பெயர் வைத்தவர்களும் சரி, அழுத நானும் சரி, தேவாங்கைக் கண்ணால் கண்டதில்லை. இன்றுவரை நான் உயிருள்ள தேவாங்கு ஒன்றைப் பார்த்ததில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

விடிய விடியத் தறி ஓடும் நம் பள்ளிபாளையத்தில் அதைத் தேடிப் பயனில்லை. ஆனால் என் அம்மா பிறந்த ஊர் கரூர் மாவட்டத்தில் தரகம்பட்டிப் பக்கம். அங்கே கடவூர் மலைகள் வட்டமாக நிற்க, நடுவே கிண்ணத்துக்குள் வைத்தாற்போல ஊர்கள் இருக்கும். அந்தக் காடுகளையும் அவற்றை அடுத்த திண்டுக்கல் மாவட்டத்துக் காடுகளையும் சேர்த்து, 11,806 ஹெக்டேர் பரப்பை 2022 அக்டோபரில் தமிழக அரசு தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் ஏற்பட்ட முதல் சரணாலயம் இதுவே. செய்தியைப் படித்துவிட்டு அம்மா, "எங்க ஊர்த் தேவாங்குக்கு வந்த யோகத்தைப் பாரு" என்று சிரித்தார்.

தேவாங்கு குரங்கினத்துக்கு உறவு. ஆகையால் நமக்கும் தூரத்து உறவுதான். எடை கால் கிலோ அளவே இருக்கும். வால் கிடையாது. பகலெல்லாம் முட்புதரிலோ அடர்ந்த மரத்திலோ சுருண்டு உறங்கி, இருட்டிய பிறகு எறும்பு, கறையான், வண்டு, சிறு பல்லி என்று தேடித் தின்னும். பயிரைக் கெடுக்கும் பூச்சிகளையும் தின்பதால் அது விவசாயிக்கு நண்பன் என்று சரணாலய அறிவிப்பிலேயே கூறியிருந்தார்கள். தாய்த் தேவாங்கு குட்டியை முதலில் வயிற்றோடு சுமந்து திரியும். சில வாரங்கள் ஆனதும் அதை ஒரு கிளையில் பற்றியிருக்கச் செய்துவிட்டு இரை தேடப் போய்விடும். தாய் திரும்பும்வரை குட்டி அந்தக் கிளையிலேயே காத்திருக்கும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் காட்டில் தேவாங்கு கிடையாது. நம் சாம்பல் நிறத் தேவாங்கை, உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஆபத்தை நெருங்கிக்கொண்டிருக்கும் இனமாகக் குறித்திருக்கிறது. இலங்கையின் ஈரக்காடுகளில் வாழும் செந்தேவாங்கோ அதைவிட மோசமான நிலையில், அழியும் ஆபத்திலேயே இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு தேவாங்கும் உண்டு. பிடித்தால் மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. அப்படியிருந்தும் அதன் கண்ணில் மருந்து இருக்கிறது, மந்திரம் இருக்கிறது என்று நம்பிப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கண் இருட்டில் எறும்பைத் தேடுவதற்காகப் பெரிதாக அமைந்தது, அவ்வளவே. இதைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை, எழுதினால் கோபம்தான் வருகிறது.

நான் சொல்ல வந்தது வேறு. தேவாங்கு தாவாது. கிளையோடு கிளை தொட்டுக்கொண்டிருந்தால்தான், ஒன்றை விடாமல் மற்றொன்றைப் பற்றி அது நகர முடியும். கிளை அறுந்த இடத்தில் தரையில் இறங்கியாக வேண்டும். அங்கே நாய் இருக்கிறது, சாலையில் லாரி வருகிறது.

நம் பக்கத்துக் காடுகரைகளில் முன்பெல்லாம் கிளுவை வேலிதான். முள்ளும் கிளையுமாகப் பின்னிப் பிணைந்து அது தோட்டத்துக்குத் தோட்டம் நீண்டு போகும். "உங்க அப்பிச்சி காலத்துல ராத்திரி வேலியோரம் டார்ச் அடிச்சா, ரெண்டு கண்ணு நெருப்பாட்டம் மின்னும் கண்ணு" என்று அம்மாயி சொல்வார். இப்போது அந்த வேலிகளை வெட்டிக் கல்தூண் நட்டுக் கம்பி கட்டுகிறார்கள். கம்பி வேலியில் தேவாங்குக்கு உறங்க இடமும் இல்லை, உணவும் இல்லை.

ஆஸ்திரேலியாவில் இதே போன்ற கதை ஒன்று உண்டு. வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் லெட்பீட்டர் போஸம் என்ற சிறு காட்டு விலங்கு, அற்றுப் போயிற்று என்று எண்ணியிருந்தபோது 1961-இல் மறுபடி அகப்பட்டது. அது கிழட்டு மரங்களின் பொந்தில்தான் வாழும். காடு இருந்தாலும் பொந்துள்ள பழைய மரம் இல்லாவிட்டால் அதற்கு வாழ்வில்லை. பொந்து அதற்கு எப்படியோ, முள்வேலி தேவாங்குக்கு அப்படி. எல்லை குறித்துப் பலகை நட்டுவிட்டால் மட்டும் போதாது, சரணாலயத்துக்கு வெளியே இருக்கும் வேலியும் காடுதான் என்பது என் கருத்து.

சென்ற கோடை விடுமுறையில் இதை என் மாமாவிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "கிளுவையை வருசா வருசம் கழிச்சு உடோணும் சாமி. ஆளு எங்க கெடைக்குது? கூலியை யாரு குடுப்பா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னதும் நியாயமே. கம்பி வேலிக்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்க்கிறோம். உயிர்வேலியைக் காப்பவருக்கு உதவித்தொகை கொடுத்தால் என்ன என்று அரசாங்கத்தைக் கேட்கத் தோன்றுகிறது. அதுவரை, கம்பியை உட்புறம் கட்டிக்கொண்டு கிளுவையை அப்படியே விட்டுவிடலாமே என்று மாமாவிடம் கேட்டேன். அப்படிச் செய்தால் முழ அகலம் நிலம் போகுமே என்று யோசித்தார். மூன்று பக்கம் முன்பே கம்பியாகிவிட்டது. ஓடைப்பக்கத்து வேலியை மட்டும் இந்த வருடம் வெட்டவில்லை என்று அம்மாவிடம் போனில் சொன்னாராம். அரையாண்டு விடுமுறைக்குப் போகும்போது டார்ச் விளக்கில் சிவப்புக் காகிதம் ஒட்டி எடுத்துப் போகப் போகிறேன். வெள்ளை வெளிச்சம் அந்தக் கண்களுக்குக் கூசும்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி