பச்சிளம் குழந்தை உயிரை காக்கும் 30 வினாடி! கை கழுவ நர்சுகளுக்கு நேரம் இருக்கிறதா?

அரசு ஆஸ்பத்திரிகளில் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சை பிரிவு வாசலில் அடிக்கடி கேட்கும் சத்தம் இது. "பெத்த பிள்ளையை பார்க்க எங்களையே விட மாட்டேங்கிறாங்க" என்று உறவினர்கள் கொதிப்பார்கள். "முதல்ல கையை கழுவுங்க, வளையலை கழட்டுங்க" என்று நர்சுகள் சத்தம் போடுவார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் குழந்தையின் உயிர் அந்த கை கழுவும் விஷயத்தில்தான் ஊசலாடுகிறது.

ஏன் இந்த கண்டிப்பு?

தாயிடம் இருந்து நோய் எதிர்ப்பு சக்தி கடைசி 3 மாதங்களில்தான் குழந்தைக்கு அதிகம் போய் சேரும். குறைமாதத்தில் பிறந்தால் அது கிடைக்காது. தோலும் மெல்லியது. போதாக்குறைக்கு டிரிப்ஸ் ஊசி, மூச்சு டியூப், பால் டியூப். கிருமி உள்ளே நுழைய இது போதும். பெரியவர்களை ஒன்றும் செய்யாத கிருமி கூட குழந்தையின் ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

டெல்லியில் 3 பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் 2014 வரை, தீவிர சிகிச்சை பிரிவில் சேர்ந்த 13 ஆயிரத்து 530 குழந்தைகளை டாக்டர்கள் கண்காணித்தனர். 2016-ல் முடிவு வெளியானது. 100-ல் 14 குழந்தைகளுக்கு ரத்தத்தில் தொற்று. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு பிறந்த 3 நாளுக்குள்ளேயே வந்துவிட்டது. எனவே பிரசவ அறையில் இருந்தே சுத்தம் தேவை.

அதைவிட அதிர்ச்சி, அதிகம் சிக்கிய 'அசினெட்டோபாக்டர்' கிருமியில் 10-ல் 8 பல மருந்துகளுக்கு கட்டுப்படவில்லை. மருந்து தோற்றுப்போனால் மிச்சம் இருப்பது சோப்பும் தண்ணியும்தான்.

இது புது விஷயமும் இல்லை. 1847-ல் வியன்னா நகர ஆஸ்பத்திரியில் டாக்டர் செம்மல்வைஸ், பிரசவ வார்டு டாக்டர்களை குளோரின் தண்ணியில் கை கழுவ வைத்தார். 1846-ல் 100-க்கு 10-ஐ தாண்டி இருந்த தாய்மார் சாவு, 1848-ல் 2-க்கும் கீழே இறங்கியது.

நர்சு என்ன செய்வார்?

கிருமிநாசினி திரவம் என்றால் 20 முதல் 30 வினாடி, சோப்பு தண்ணி என்றால் 40 முதல் 60 வினாடி கையை தேய்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையை தொடும் முன்பும் பின்பும் இது கட்டாயம். கையுறை போட்டாலும் விலக்கு இல்லை.

இப்போது கணக்கு போடுவோம். ஒரு நர்சிடம் 4 குழந்தைகள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பால். 8 மணி நேர டியூட்டியில் 16 தடவை. முன்னும் பின்னும் சேர்த்து 32 முறை கை சுத்தம். பாலுக்கு மட்டுமே 16 நிமிடம். அதே நர்சு தலையில் 8 குழந்தைகளை கட்டினால் 32 நிமிடம். ஊசி, துணி மாற்றுவது எல்லாம் தனி. ஆள் குறைந்தால் முதலில் அடிபடுவது கை கழுவுதல்தான். அப்போது நர்சை மட்டும் திட்டி என்ன பயன்?

தாயை விரட்டக்கூடாது

சுத்தம் என்ற பெயரில் தாயை வெளியே நிறுத்துவதும் தப்பு. டெல்லி உள்பட 5 நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. எடை குறைந்த குழந்தையை பிறந்தவுடனே தாயின் நெஞ்சோடு அணைத்து வைத்ததில் சாவு 4-ல் ஒரு பங்கு குறைந்தது. தொற்றும் குறைந்தது. 2022-ல் உலக சுகாதார நிறுவனமும் இதையே சிபாரிசு செய்தது. கை கழுவிய தாய் குழந்தைக்கு பாதுகாப்புதான்.

உறவினர்கள் செய்ய வேண்டியது சுலபம். மோதிரம், வளையல், கைக்கயிறு எல்லாம் வெளியே. செல்போனை தொட்ட கையோடு குழந்தையை தொட வேண்டாம். சளி, காய்ச்சல் இருந்தால் வாசலோடு சரி. சேனை வைப்பது, முத்தம் கொடுப்பது கூடவே கூடாது.

அதே நேரம் குழாயில் தண்ணி வருகிறதா, சோப்பு இருக்கிறதா, எத்தனை குழந்தைக்கு ஒரு நர்சு என்று கேட்பதும் பெற்றவர்கள் உரிமை. சோப்பு வாங்கவும் நர்சு போடவும் ஆகும் செலவை மிச்சம் பிடித்தால், அதற்கு விலை கொடுப்பது தொட்டிலில் கிடக்கும் குழந்தைதான்!