கோப்பைக்கு அடியில் ஒரு கடிதம்

அண்மையில் எங்கள் பல்கலைக்கழக விழாவில் கோஸ்டர் செய்யும் பட்டறை ஒன்று நடந்தது. பழைய அஞ்சலட்டை, ரயில் பயணச்சீட்டு, திருமண அழைப்பிதழ், திரைப்பட நுழைவுச்சீட்டு என நினைவாக வைத்திருக்கும் எந்தத் தாளையும் கொண்டு வரலாம். இரண்டு மணி நேரத்தில் அது தேநீர்க் கோப்பை வைக்கும் அழகிய சதுரமாகிவிடும் என்பது அறிவிப்பு. மாணவர்கள் ஆர்வத்துடன் வரிசையில் நின்றனர். வரலாற்றுத் துறை நண்பர்கள் சிலர் அந்த மேசையைக் கண்டதும் முகம் சுளித்து நகர்ந்தனர். இவ்விரு தரப்பிலும் நான் நின்றிருக்கிறேன். ஆகவே என் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பொறுத்தருள்க.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பெரிய மாமா அறுபதுகளில் தில்லியில் மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றினார். சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் வாசம். கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊருக்கு மாதந்தோறும் ஒரு மணியார்டரும் ஓர் இன்லண்டு கடிதமும் அனுப்புவார். அந்தக் கடிதக் கட்டு அம்மாவின் தகரப் பெட்டியில் இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் அடைபட்டுக் கிடந்தபோது, அம்மாவின் பிறந்தநாளுக்கென அவற்றில் நான்கு கடிதங்களைத் தேர்ந்தெடுத்தேன். கையெழுத்து மிக அழகாக அமைந்த பகுதியைப் பத்துச் சென்டிமீட்டர்ச் சதுரமாக வெட்டி, கார்க் தகட்டில் வெள்ளைப் பசையால் ஒட்டி, மேலே வார்னிஷ் பூசினேன். எஞ்சிய ஓரங்கள் குப்பைக்குப் போயின.

இரண்டாண்டுகள் கழித்து என் ஆய்வேட்டின் ஓர் இயல், தில்லிக்குக் குடிபெயர்ந்த தமிழ் எழுத்தர்கள் ஊருக்கு அனுப்பிய பணத்தைப் பற்றியதாக அமைந்தது. மாமாவின் கடிதங்களைத் தேடி எடுத்தேன். அவர் ஒவ்வொரு மடலின் ஓரத்திலும் கணக்கு எழுதும் வழக்கமுடையவர். மளிகைக் கடைக்கு இவ்வளவு, கூட்டுறவுக் கடனுக்கு இவ்வளவு, தங்கையின் பள்ளிக் கட்டணத்துக்கு இவ்வளவு. நான் அலங்காரமற்றதென வெட்டி எறிந்தது அந்த ஓரங்களையே. ஒரு கோஸ்டரில் 'ரூ. 1' என்பது மட்டும் நிற்கிறது. அடுத்த இலக்கம் கத்தரிக்கோலின் அப்பால் போய்விட்டது. அது நூறா, நூற்றைம்பதா, ஆயிரமா என்று இனி எவராலும் சொல்ல இயலாது. மடலின் மறுபக்கமோ கார்க்கோடு ஒட்டிக்கிடக்கிறது. அதைப் பிரித்தெடுக்க இயலுமா என்று தாள் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற நண்பர் ஒருவரிடம் கேட்டேன். ஈரம் காட்டினால் பேனா மை கரையும், உலர்ந்த நிலையில் உரித்தால் தாளின் நார் பசையோடு போகும் என்றார். மாமா வாழ்ந்த அந்தப் பழைய குடியிருப்புகளும் மறுகட்டுமானத்துக்காக இடிக்கப்பட்டு வருகின்றன. எனவே எனக்கு எஞ்சியவை அந்தத் தாள்களே.

இந்த அனுபவத்தை முன்வைத்து, கோஸ்டர் செய்வதே தவறு என்று வாதிடுவது எளிது. ஆனால் அது என் முடிபன்று. முகம் சுளித்த நண்பர்களிடம் நான் கேட்க விரும்புவது, நம் வீடுகளில் பழைய தாள்கள் உண்மையில் எவ்வாறு அழிகின்றன என்பதுதான். பெரும்பாலானவை பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறுகின்றன. வீடு மாறும்போதும், பாகம் பிரிக்கும்போதும், பெரியவர் ஒருவர் மறைந்த பதினாறாம் நாளுக்குப் பின் அலமாரியை ஒழிக்கும்போதும் மூட்டையாகக் கட்டப்படுகின்றன. எஞ்சியவற்றை இராமபாணப் பூச்சியும் ஈரமும் பார்த்துக்கொள்கின்றன. மரக்கூழில் செய்த மலிவுத் தாள் தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்குகிறது. இச்சூழலில் ஒரு வீட்டில் ஒருவர் பழைய கடிதத்தை எடுத்து, இது அழகு, இது நம் கண்முன் இருக்கவேண்டும் என்று கருதினால், அக்குடும்பத்தில் தாளின் அருமை உணர்ந்தவர் அவர் ஒருவரே. அவரை நாம் எதிரியாகக் கொண்டால் நமக்கு வேறு நண்பர் கிடையாது.

மேலும், அக்கடிதங்கள் ஆய்வாளருக்காக எழுதப்பட்டவையல்ல. அவற்றின் மீது முதல் உரிமை குடும்பத்துக்கே உண்டு. அம்மா அந்தக் கோஸ்டர்களைக் கண்ணாடி அலமாரியில் நிறுத்திவைத்திருக்கிறார். அவற்றின் மேல் ஒருநாளும் அவர் காபி டம்ளரை வைத்ததில்லை. "மாமா எழுத்து மேல எப்படிடி டம்ளர வைக்கிறது?" என்பதே அவர் பதில். தகரப் பெட்டிக்குள் இருந்தவரை ஐம்பது ஆண்டுகளாக எவரும் வாசிக்காத எழுத்தை, இன்று வீட்டுக்கு வரும் விருந்தினர் குனிந்து வாசிக்கின்றனர். அந்தப் பயனை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

எனவே வினா ஒன்றே: இந்தப் பயனைப் பெற மூலத்தாளை வெட்டத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து. கோஸ்டருக்குத் தேவையானது தாளின் தோற்றம் மட்டுமே. அதை நல்ல படியெடுப்பு முழுமையாகத் தந்துவிடும். வார்னிஷுக்கும் ரெசினுக்கும் அடியில் போன பின், தாளின் மணமோ மடிப்போ தொடு உணர்வோ எப்படியும் எஞ்சப்போவதில்லை. மூலத்தை இட்டாலும் நகலை இட்டாலும் கண்ணுக்குக் கிடைப்பது ஒன்றே. ஆனால் இழப்பு ஒன்றன்று.

செய்முறையை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். ரெசினை நேரடியாக ஊற்றினால் அது தாளின் நுண்துளைகளில் புகுந்து தாளைக் கண்ணாடி போலாக்கி, பின்பக்க எழுத்தையும் முன்பக்கத்தில் தெரியச் செய்துவிடும். வெள்ளைப் பசை நீர் கலந்தது. பேனா மை அதில் பரவும். இன்று பேருந்திலும் திரையரங்கிலும் தரப்படும் சீட்டுகள் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் தாள்கள். அவற்றின் மேல் சூடான கோப்பையை வைத்தால் தாள் கறுத்துவிடக்கூடும். வைக்காவிட்டாலும் சில ஆண்டுகளில் எழுத்து தானே மங்கிவிடும். கடைசியாக, கோஸ்டர் என்பது சூட்டையும் ஈரத்தையும் தாங்குவதற்கென்றே செய்யப்படும் பொருள். தாளுக்குப் பகையான இரண்டும் நாள்தோறும் வந்து அமரும் இடத்தில், ஒரே ஒரு பிரதி உள்ள ஆவணத்தை வைப்பது பொருந்துமா?

நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட சேதங்கள் இதற்கு முன்னும் உண்டு. நம் தாத்தாக்கள் தலைமுறையில் தபால்தலை சேகரிப்போர் உறையிலிருந்து தலையை மட்டும் நீரில் ஊறவைத்து உரித்தெடுத்தனர். உறையோடு முத்திரையின் பாதியும், ஊரும், தேதியும், முகவரியும் போயின. பின்னரே முழு உறைக்கு உள்ள மதிப்பு உணரப்பட்டு, அஞ்சல் வரலாறு என்னும் தனித்துறை வளர்ந்தது. வல்லுநர்களும் இதற்கு விலக்கல்லர். நொறுங்கும் ஆவணங்களைக் காக்க, செல்லுலோஸ் அசிட்டேட் படலத்தை அசிட்டோன் கொண்டு கையால் ஒட்டும் முறை நம் தேசிய ஆவணக் காப்பகத்தில் உருவாகி உலகெங்கும் அறியப்பட்டது. இன்று அந்தப் படலத்தை நீக்குவதே பாதுகாப்பாளர்களுக்குப் பெரும்பாடு. எதைச் செய்தாலும் அதை மீண்டும் கழற்றக்கூடிய வகையில் செய்யவேண்டும் என்ற நெறியை அத்துறை இத்தகைய அனுபவங்களின் வழியேதான் வலியுறுத்தக் கற்றது. கோஸ்டர் செய்யும் மாணவருக்கும் அந்த நெறி பொருந்தும்.

அற்பத் தாள்கள் அற்பமானவையல்ல என்பதற்கு நம்மிடையே சான்றுகள் உள்ளன. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்துவைத்தார். அவர் திரட்டியவற்றைக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தை நாடாத தமிழாய்வாளர் குறைவு. இங்கிலாந்தில் இத்தகைய தாள்களுக்கெனவே 1975இல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. இங்கே தில்லியில், 2019இல் தரியாகஞ்ச் நடைபாதையிலிருந்து மகிளா ஹாட்டுக்கு மாற்றப்பட்ட ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தைக்கு நம்மில் பலர் செல்கிறோம். அங்கு வாங்கிய பழைய நூலிலிருந்து ஒரு ரசீதோ அஞ்சலட்டையோ நழுவி விழும்போது, நூலைவிட அதை முதலில் வாசிக்காதவர் யார்? 2013 ஜூலையோடு நம் நாட்டில் தந்திச் சேவை நின்றுபோயிற்று. இனி ஒரு தந்தித் தாளும் புதிதாகப் பிறக்கப்போவதில்லை. வீட்டில் இருப்பதை வெட்டினால் அவ்வளவே.

எனவே பட்டறை நடத்துவோருக்கும் அதில் கலந்துகொள்வோருக்கும் சில வேண்டுகோள்கள்.

பசை மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேனரை வையுங்கள். தாளின் இரு பக்கங்களையும், ஓரம் முழுவதும் தெரியுமாறு, 600 புள்ளி அடர்த்தியில் படியெடுங்கள். லேசர் அச்சில் நகல் எடுங்கள். இங்க்ஜெட் மை பசை ஈரத்தில் கசியும். கார்க்கிலோ நான்கு அங்குல டைல்ஸிலோ நகலை ஒட்டி, பசை நன்கு உலர்ந்தபின் நீர்புகா வார்னிஷை மெல்லிய பூச்சுகளாக இரண்டு மூன்று முறை பூசுங்கள். கோஸ்டரின் அடியில், யார் யாருக்கு எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டில் எழுதியது என்று இரண்டு வரி எழுதுங்கள். நகல் என்பதால் வேண்டியவாறு வெட்டலாம், பெரிதாக்கலாம். ஒரே கடிதத்தை ஆறு உடன்பிறப்புகளுக்கும் பகிரலாம். மூலத்தை வெட்டினால் அது ஒருவருக்கே போய்ச்சேரும். மூலத்தாளை அமிலமற்ற உறையில் இட்டு, சமையலறையும் குளியலறையும் ஒட்டாத சுவரோரம் வையுங்கள். அந்த உறை கிடைக்காவிடில் தூய பருத்தித் துணியில் சுற்றிவைத்தாலும் தகரப் பெட்டியின் துருவிலிருந்து தப்பும்.

துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். அத்தகைய பட்டறைக்கு ஒரு கூட்டம் வருகிறது. நம் ஆவணக் காப்பு வகுப்புக்கு வருவோரை விரல்விட்டு எண்ணலாம். மாணவர்கள் தம் வீட்டுத் தாள்களைத் தாமாகவே எடுத்துக்கொண்டு வரும் ஓரிடம் அது. முகம் சுளித்து நகர்வதற்குப் பதிலாக அந்த மேசையில் நாமும் அமர்ந்து, 'இதை எழுதியவர் யார், ஓரத்தில் இருக்கும் கணக்கு என்ன?' என்று கேட்டால், ஒரு பிற்பகலில் இருபது குடும்ப வரலாறுகள் தொடங்கும். அடுத்த பருவ விழாவில் எங்கள் துறை சார்பில் ஸ்கேனரோடு அமர நானும் இன்னும் இரு ஆய்வாளர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். வேறு துறையினர் எவரேனும் இணைய விரும்பின் தெரிவியுங்கள்.

சென்ற விடுமுறையில் அம்மாவிடம் அந்தத் தொகையைப் பற்றிக் கேட்டேன். "ஆயிரமா நூறா, அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? ஆனா அந்தக் கடுதாசி வந்த அன்னைக்கு உங்க பாட்டி அழுதா" என்றார். ஏன் அழுதார் என்று கேட்டதற்கு, காரணம் கடிதத்திலேயே இருந்திருக்கும் என்றார். வெட்டாத கடிதங்கள் முப்பத்தொன்று எஞ்சியுள்ளன. அவற்றை இருவருமாக உட்கார்ந்து படியெடுத்து முடித்துவிட்டோம்.

நண்பர்களின் மாற்றுக் கருத்துகளை வரவேற்கிறேன்.