பதரோடு நெல்லும் போகலாமா?

முறத்தில் நெல் புடைப்பவர் பதர் போய்விட்டதா என்று மட்டுமா பார்க்கிறார்? நல்ல மணி கீழே சிந்துகிறதா என்பதிலும் ஒரு கண் வைத்திருப்பார். மின்னஞ்சலில் வந்து குவியும் வேண்டாத கடிதங்களை விலக்கும் வடிகட்டியையும் இப்படித்தான் எடைபோட வேண்டும் என்பேன்.

தொல்லை புதிதன்று. 1978 மே மாதத்தில் அமெரிக்காவின் ஆர்பாநெட் வலையமைப்பில், ஒரு கணிப்பொறி நிறுவனத்தின் விளம்பரம் ஏறத்தாழ 400 பேருக்கு ஒருசேர அனுப்பப்பட்டது. பலர் எரிச்சலடைந்தனர்.

இதைத் தடுக்க எவருக்கும் முதலில் தோன்றும் வழி, தடைச்சொற் பட்டியல். ‘பரிசு’ என்ற சொல் இருந்தால் கடிதத்தைத் தள்ளிவிடு! ஆனால் கட்டுரைப் போட்டியில் நீங்கள் வென்ற செய்தியும் அத்துடன் குப்பைக்குப் போய்விடுமே? ஏமாற்றுக்காரனோ ‘ப-ரி-சு’ என்றெழுதித் தப்பிவிடுவான். 1996இல் இங்கிலாந்தின் ஸ்கந்தோர்ப் நகரத்தார் ஏ.ஓ.எல். இணையச் சேவையில் கணக்குத் தொடங்க இயலாமற் போயிற்று. காரணம், ஊர்ப்பெயருக்குள் ஒரு தகாத சொல்லின் எழுத்துகள் ஒளிந்திருந்தன!

இதனினும் சிறந்தது, எண்ணிப் பார்த்துக் கற்கும் வடிகட்டி. இதன் அடிப்படை, தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயரின் நிகழ்தகவு விதி. அவர் மறைந்த பின் 1763இல் வெளியாயிற்று. உங்களிடம் குப்பைக் கடிதங்கள் 100, நல்ல கடிதங்கள் 100 இருப்பதாகக் கொள்வோம். ‘பரிசு’ என்ற சொல் குப்பையில் 57இலும், நல்லவற்றில் 3இலும் வருகிறது. அப்படியானால், அச்சொல் உள்ள கடிதம் குப்பையாக இருக்கும் வாய்ப்பு 60இல் 57. அதாவது 95 விழுக்காடு. ஆயினும் அதே கடிதத்தில் உங்கள் பள்ளியின் பெயரும் இருந்தால்? அது நல்ல கடிதங்களிலேயே வருவது. தராசு மறுபக்கம் சாயும். ஒரு சொல்லை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதப்படுவதில்லை.

பால் கிரகாம் என்ற அமெரிக்கர் 2002இல் இத்தகைய வடிகட்டி ஒன்றை விளக்கி எழுதினார். நல்ல கடிதங்களில் வரும் சொற்களை அவர் ஒன்றுக்கு இரண்டாக எண்ணினார். நல்லது தொலையக் கூடாது என்பதற்காகவே இந்தச் சலுகை! 1000 குப்பைக் கடிதங்களில் 5க்கும் குறைவாகவே தப்பின, நல்ல கடிதம் ஒன்றும் சிக்கவில்லை என்று அவர் குறிப்பிட்டார்.

தப்பி வந்த ஐந்தை நாம் ஒரு நொடியில் அழித்துவிடலாம். கல்லூரி நேர்காணல் அழைப்பு தொலைந்தால் என்ன செய்வது? ஆகவே வாரம் ஒருமுறையேனும் ‘ஸ்பேம்’ பெட்டியைத் திறந்து பாருங்கள். நல்ல கடிதம் அகப்பட்டிருந்தால் ‘ஸ்பேம் அன்று’ எனக் குறியுங்கள். வடிகட்டிக்கு அது ஒரு பாடம். தள்ளிப்போட வேண்டாம், ஜிமெயிலில் அப்பெட்டிக்குப் போன கடிதம் 30 நாளில் தானாகவே அழிந்துவிடும்.