மடையை அடைக்கிறவர் காரணத்தைச் சொல்லணும்

எங்க ஊர் குளத்துல மடையை அடைக்கிறதுன்னா அதுக்கு ஒரு முறை இருக்கு. யார் அடைக்கிறாங்க, எதுக்கு அடைக்கிறாங்க, மறுபடி எப்பத் திறப்பாங்க. இந்த மூணும் ஆயக்கட்டுல இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சாகணும். அரை ஏக்கர் வச்சிருக்கிறவனுக்கும் தெரியணும், இருபது ஏக்கர் வச்சிருக்கிறவருக்கும் தெரியணும். ராத்திரியோட ராத்திரியா யாரோ பலகையை இறக்கிட்டுப் போயிட்டா, விடியும்போது கரையில மண்வெட்டியோட பத்துப் பேர் நிப்பாங்க. "எவம்ல அடைச்சது?"ங்கிறதுதான் முதல் கேள்வி. அடைச்சது சரியா தப்பாங்கிற பேச்செல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இணையத்தை அடைக்கிற விஷயத்துல இந்த முதல் கேள்வியையே நம்மளால கேட்க முடியலைங்கிறதுதான் என் கோபம்.

சென்னையிலயும் பெங்களூர்லயும் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு "இணையத் தணிக்கை"ன்னா ட்விட்டர் சண்டை, ஏதோ ஒரு படம், ஒரு கார்ட்டூன், டிவி விவாதம். வயல்ல நிக்கிறவனுக்கு இதுல என்ன வந்ததுன்னு தோணும். வந்தது நிறைய இருக்கு. நெட்டை மொத்தமா நிறுத்துற உத்தரவு, உங்க தெருவைவிட எங்க தெருவுக்குத்தான் சீக்கிரம் வந்து சேரும்.

2018 மே 22. தூத்துக்குடியில ஸ்டெர்லைட்டுக்கு எதிரான போராட்டத்தோட நூறாவது நாள். துப்பாக்கிச்சூட்டுல 13 பேர் செத்தாங்க. வேன் மேல ஏறி நின்னு போலீஸ்காரர் குறி பார்க்கிற காட்சியை அன்னைக்கே நாடு முழுக்கப் பார்த்தாச்சு. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூணு மாவட்டத்துக்கும் இணையத்தை நிறுத்தி உத்தரவு வந்தது. 5 நாளைக்கு. சமூக ஊடகத்துல வதந்தி பரவுது, ஆட்களைக் கூட்டுறாங்கங்கிறது சொன்ன காரணம்.

அந்த நாட்கள்ல எங்க பக்கத்துல வதந்தி நின்னுச்சா? எங்க நின்னுச்சு! டீக்கடையில அது பெருகிச்சு. செத்தது முப்பதும்பான் ஒருத்தன், அம்பதும்பான் இன்னொருத்தன். பொய்யின்னு காட்டுறதுக்குக் கையில ஒண்ணும் இல்லை. பெரியாஸ்பத்திரியில யார் யார் கிடக்கிறாங்கன்னு தெரியாம, வெளியூர்ல இருக்கிற பிள்ளைகளுக்குப் போன் போட்டு, "நீ நெட்ல பார்த்துச் சொல்லுய்யா, நம்ம மாவட்டத்துல என்ன நடக்கு?"ன்னு கேட்டாங்க. துப்பாக்கிச் சத்தம் கேட்கிற தூரத்துல இருக்கிறவனுக்குத் தகவல் இல்லை, அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும். இதுக்குப் பேர் பொது அமைதியாம்.

பின்னால அந்தச் சூட்டை விசாரிச்ச நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தோட அறிக்கை 2022 அக்டோபர்ல சட்டமன்றத்துக்கு வந்தது. தப்பி ஓடினவங்களைச் சுட்டிருக்காங்கன்னு அதுல இருக்கு. நாலு வருஷம் கழிச்சு அரசாங்கக் காகிதத்துல வந்ததைத்தான் அன்னைக்கு ஜனங்க போன்ல எடுத்துப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. அடைக்கப்பட்டது பொய் மட்டுமில்லைன்னு இப்பவாவது ஒத்துக்கலாம்.

இதுல ஒரு கூத்து இருக்கு. அதே 2018-ல, அதுக்கு முந்தின மாசம் ஏப்ரல்லதான் "உழவன்" செயலியை அதே தமிழக அரசு வெளியிட்டது. விலை நிலவரம், வானிலை, மானியம் எல்லாம் இனிமே போன்லயே பாருங்கன்னாங்க. சரின்னு இறக்கி வச்சோம். அடுத்த மாசமே மூணு மாவட்ட உழவனுக்கு நெட் கிடையாது!

அதுக்கப்புறம் எல்லாமே போனுக்குள்ள போயிருச்சு. பட்டா, சிட்டா ஆன்லைன். கொள்முதல் நிலையத்துல நெல் போட ஆன்லைன் பதிவு. பிஎம் கிசான் பணத்துக்கு கேஒய்சி. நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரியிலிருந்து வேலைத்தளத்துல போட்டோ எடுத்துச் செயலியில ஏத்தணும். ஏறலைன்னா அன்னைக்கு வெயில்ல நின்னதுக்குக் கணக்கு இல்லை. உரக்கடையில கைரேகை வைக்கணும். வாழை வியாபாரி தாரைப் போட்டோவுல பார்த்துட்டுத்தான் விலை சொல்றார். இத்தனையையும் நாங்க கேட்டு வாங்கலை. "காகிதம் வேண்டாம், ஆன்லைன்ல வா"ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனது அரசாங்கம். பழைய கிணத்தைத் தூர்த்துட்டு, குழாயில தண்ணி தர்றேன்னு சொல்லிட்டு, குழாய் என் இஷ்டம்னா என்ன நியாயம்?

காஷ்மீரை நினைச்சா எனக்கு அரசியலைவிட முதல்ல ஆப்பிள்தான் ஞாபகத்துக்கு வருது. 2019 ஆகஸ்ட் 4 ராத்திரி அங்க இணையம் போச்சு, செல்போன் பேச்சும் போச்சு. ஆப்பிள் அறுவடை செப்டம்பர், அக்டோபர். போஸ்ட்பெய்டு செல்போன்ல பேச முடிஞ்சதே அக்டோபர் நடுவுலதான். லாரிக்காரனைக் கூப்பிட முடியாது, டெல்லி மண்டியில என்ன விலைன்னு கேட்க முடியாது, தோப்புல பழம் மட்டும் உதிர்ந்துக்கிட்டு இருக்கும். பழம் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காதுய்யா. வாழை வச்சிருக்கிறவனுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. முத்தின தாரை நாலு நாள் மரத்துல விட்டா என்ன கதியாகும்னு எங்களுக்குத் தெரியும். 2020 ஜனவரியில 2ஜி வந்தது. 4ஜி முழுசா வந்தது 2021 பிப்ரவரி 5. ஒன்றரை வருஷம்.

அந்த வழக்குலதான், அனுராதா பாசின் வழக்குல, 2020 ஜனவரி 10-ந்தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது: காலவரையில்லாம நிறுத்தக் கூடாது, நிறுத்துற உத்தரவை வெளியிடணும், தேவைக்கு மேல போகக் கூடாது. எங்க மடை நியாயம்தான். அந்த வருஷம் நவம்பர்ல விதியைத் திருத்தி, ஒரு உத்தரவு 15 நாளுக்கு மேல செல்லாதுன்னும் எழுதினாங்க. பதினாறாவது நாள் புது உத்தரவு போடக் கூடாதுன்னு எங்கயும் எழுதலை. மணிப்பூர்ல 2023 மே மாசம் கலவரம் ஆரம்பிச்சப்போ அடைச்சதை அப்படி நீட்டி நீட்டித்தான் மாசக்கணக்கா ஓட்டினாங்க.

சரி, அடைச்சதால என்ன பலன்? 2021 டிசம்பர்ல நாடாளுமன்ற நிலைக்குழு இதைத்தான் கேட்டது. எத்தனை தடவை நிறுத்தினீங்கங்கிற கணக்கையே மத்திய உள்துறையும் தொலைத்தொடர்புத் துறையும் வச்சிருக்கலைன்னு அந்த அறிக்கையில இருக்கு. நிறுத்தினதால கலவரம் குறைஞ்சதுங்கிறதுக்கு ஆய்வும் இல்லை. எங்க ஊர் சொசைட்டியில ஒரு மூட்டை யூரியாவுக்குக் கணக்கு இல்லைன்னா ஆடிட்ல பிடிச்சுருவான். ஒரு மாவட்டத்தையே இருட்டுல வச்சதுக்குக் கணக்கு இல்லை. ராஜஸ்தான்லயும் அசாம்லயும் அரசு வேலைத் தேர்வுல காப்பியடிக்கிறதைத் தடுக்கக்கூட மொபைல் நெட்டை நிறுத்தியிருக்காங்க. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துறதுக்கு இதைவிட உதாரணம் வேணுமா?

"வதந்தியால ஆள் சாகுறாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க அண்ணாச்சி?"ன்னு கேட்பீங்க. கேட்க வேண்டிய கேள்விதான். 2018 மே மாசம், தூத்துக்குடிக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, போளூர் பக்கம் அத்திமூர்ல என்ன நடந்தது? குலதெய்வம் கும்பிட வந்த வயசான அம்மா, வழியில பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தாங்க. பிள்ளை பிடிக்கிறவங்கன்னு அடிச்சே கொன்னுட்டாங்க. வாட்ஸ்அப்புல சுத்தின பொய்தான் காரணம். எங்க பக்கமும் அந்த ஆடியோ வந்தது. ராத்திரி கம்போட காவல் காத்தவங்களை நான் பார்த்திருக்கேன். அதனால வார்த்தை ஆளைக் கொல்லாதுன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா வதந்தியை எது அடக்குதுன்னு பாருங்க. 2023 மார்ச்சுல தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளிகளை அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோக்கள் பரவிச்சு. திருப்பூர், கோயம்புத்தூர்ல இருந்து ஜனங்க மூட்டையைக் கட்டுற அளவுக்குப் போச்சு. அப்போ நெட்டை நிறுத்தலை. போலீஸ் தலைமை அதிகாரியே வீடியோவுல மறுத்தார். இந்தியில விளக்கம் போட்டாங்க. பீகார்ல இருந்து அதிகாரிகள் குழு வந்து நேர்ல பார்த்துட்டுப் போச்சு. அடங்கிருச்சு. அதே நெட்டுதான், பொய் வந்த வழியிலயே உண்மையும் போச்சு. (அந்த விவகாரத்துல ஒரு யூடியூபரைத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்துல போட்டாங்க. அது ரொம்ப அதிகம். உயர் நீதிமன்றம் பின்னால ரத்து பண்ணிருச்சு. பொய் சொன்னவனுக்கும் அளவான சட்டம்தான் வேணும்.)

மொத்தமா அடைக்கிறது ஒரு வகை. ஆளைப் பார்த்து அடைக்கிறது இன்னொரு வகை. அது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ. 2021 ஜனவரி கடைசியில டெல்லி எல்லையில சிங்கு, காசிப்பூர், திக்ரி மூணு இடத்துலயும் விவசாயிகள் உட்கார்ந்திருந்த பகுதியில நெட்டை நிறுத்தினாங்க. பிப்ரவரி 1-ந்தேதி 250-க்கும் மேற்பட்ட ட்விட்டர் கணக்குகளை இந்தியாவுக்குள்ள முடக்கினாங்க. விவசாயிகளோட கிசான் ஏக்தா மோர்ச்சா கணக்கும் கேரவன் பத்திரிகையும் அதுல உண்டு. ஒரு ஹேஷ்டேக்கைக் காரணமாச் சொன்னாங்க. அந்த ஹேஷ்டேக் எனக்கும் பிடிக்கலைதான். அதுக்காகப் பனியில டிராக்டருக்கு அடியில படுத்திருக்கிறவனோட வாயை ஏன் கட்டணும்? 2024 பிப்ரவரியில விவசாயிகள் மறுபடி கிளம்பினப்போ ஹரியானாவுல 7 மாவட்டத்துல மொபைல் நெட் போச்சு. உத்தரவு வந்ததால கணக்குகளை முடக்குறோம், ஆனா எங்களுக்கு இதுல உடன்பாடு இல்லைன்னு அந்த நிறுவனமே அறிவிச்சது.

இந்த 69ஏ-வுக்கு 2009-ல எழுதின விதிகள்ல பதினாறாவது விதி: புகாரும் நடவடிக்கையும் ரகசியம். புகார் கொடுத்தது யாருன்னு தெரியாது, என்ன சொன்னாங்கன்னு தெரியாது. 2015-ல உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்குல 66ஏ-வைத் தூக்கி எறிஞ்சது, ஆனா 69ஏ-வை விட்டு வச்சது. காரணத்தை எழுத்துல பதியணும், பாதிக்கப்பட்டவர் கோர்ட்டுக்குப் போகலாம், அதனால பாதுகாப்பு இருக்குங்கிறது தீர்ப்பு. காரணத்தைப் பீரோவுல பூட்டி வச்சுட்டு, கோர்ட்டுக்குப் போன்னா எதைக் கையில எடுத்துக்கிட்டுப் போறது?

விகடனுக்கு நடந்தது உங்களுக்கே தெரியும். 2025 பிப்ரவரியில பிரதமர் கைவிலங்கோட டிரம்ப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற கார்ட்டூன். 15-ந்தேதி சாயங்காலத்துல இருந்து பலருக்குத் தளம் திறக்கலை. அரசு கிட்ட இருந்து முறையான அறிவிப்பு எதுவும் வரலைன்னு அவங்களே சொன்னாங்க. நூறு வயசை நெருங்குற ஒரு பத்திரிகைக்கே அந்த கதி. மார்ச் 6-ல உயர் நீதிமன்றத்துக்குப் போய், அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமா எடுத்துட்டுத்தான் தளத்தைத் திறக்க முடிஞ்சது. ஒரு படத்துக்கு மொத்தத் தளம்! 2006 ஜூலையிலயும் இதேதான். ஏதோ சில பக்கங்களைத் தடுக்கச் சொன்னதுக்கு, நெட் கம்பெனிக்காரங்க பிளாக்ஸ்பாட் மொத்தத்தையும் அடைச்சுப் போட்டாங்க. அப்ப எழுதிக்கிட்டு இருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். இருபது வருஷமாகியும் களையை மட்டும் பிடுங்கத் தெரியலை.

இது பிஜேபி மேல இருக்கிற கோபம்னு நினைச்சு வாசிக்காதீங்க. 66ஏ-வும் 69ஏ-வும் வந்தது காங்கிரஸ் ஆட்சியில, 2008 டிசம்பர்ல, நாடாளுமன்றத்துல விவாதமே இல்லாம. தூத்துக்குடியில அடைச்சப்போ இருந்தது அதிமுக. யூடியூபரைத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்துல போட்டது திமுக ஆட்சி. எதிர்க்கட்சியா இருக்கும்போது எல்லாருக்கும் கருத்துச் சுதந்திரம் இனிக்கும்.

எங்க பக்கத்து நடப்பு இன்னொண்ணு. 2017 அக்டோபர்ல நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசல்ல ஒரு குடும்பம் கந்துவட்டிக் கொடுமையால தீக்குளிச்சது. அப்பா, அம்மா, ரெண்டு பச்சைப் பிள்ளைகள். பல தடவை மனு கொடுத்தும் நடக்கலைன்னு சொன்னாங்க. அதை வச்சு கார்ட்டூனிஸ்ட் பாலா ஃபேஸ்புக்ல ஒரு படம் போட்டார். முதலமைச்சர், கலெக்டர், கமிஷனர் மூணு பேரையும் உடுப்பில்லாம வரைஞ்சிருந்தார். கலெக்டர் புகார் கொடுத்தார். நவம்பர் 5-ந்தேதி சென்னைக்கு வந்து பாலாவைப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. மறுநாள் ஜாமீன். 66ஏ செத்து ரெண்டரை வருஷம் ஆனதால 67-ஐ, ஆபாசச் சட்டத்தை எடுத்துக்கிட்டாங்க. படம் ரசனையா இருந்துச்சான்னு கேட்டா, எனக்கு அந்த மாதிரிப் படம் பிடிக்காது. ஆனா மனு நகராத ஊர்ல அந்தப் புகார் மட்டும் எவ்வளவு வேகமா நகர்ந்துச்சு!

நான் கேட்கிறது பெரிசா ஒண்ணுமில்லை. நெட்டை நிறுத்தினா, உத்தரவு எண், காரணம், கையெழுத்துப் போட்டவர் பதவி, திறக்கிற தேதி, இதை எழுதி வி.ஏ.ஓ. ஆபீஸ் சுவர்லயும் ரேஷன் கடையிலயும் ஒட்டுங்க. நெட்டு இல்லாத ஊருக்கு இணையதளத்துல அறிவிப்பு போட்டோம்னு சொல்லாதீங்க. நின்ன நாளுக்கு நூறு நாள் வேலை வருகையையும் கொள்முதல் பதிவையும் காகிதத்துல எழுதி ஏத்துக்கோங்க. ஒரு பக்கத்தை முடக்கினா எழுதினவருக்குக் காரணத்தைக் கொடுங்க, வாசிக்க வர்றவருக்கு "இன்னாரது உத்தரவு"ன்னு அந்த இடத்துலயே காட்டுங்க. அந்தப் பதினாறாவது விதியை எடுங்க.

வாசிக்கிற உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. அடுத்த தடவை ஏதாவது ஒரு தளம் திறக்கலைன்னா, சர்வர் கோளாறுன்னு அடுத்ததுக்குத் தாண்டிப் போயிராதீங்க. வேற கம்பெனி நெட்ல திறக்குதான்னு பாருங்க. வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்ககிட்ட திறக்கச் சொல்லிப் பாருங்க. அங்க திறந்து இங்க திறக்கலைன்னா, பத்து ரூபாய் கட்டி மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு ஆர்டிஐ போடுங்க. ரகசியம்னு பதில் வரலாம். அதோட விடாம மேல்முறையீடு பண்ணுங்க. உங்களுக்கு ஆங்கிலம் வரும், வக்கீல் நண்பர் இருப்பார், கோர்ட்டு பக்கத்துல இருக்கு. இங்க கார் அறுப்பு நேரத்துல நெட்டு போனா, நாங்க முதல்ல களத்துல கிடக்கிற நெல்லைப் பார்க்கணும்.