தங்கவயலில் விழுந்த சாய்கோடு

கோலார் தங்கவயலில் பூமிக்குள் இறங்கியவர்கள் தங்கத்துக்காக இறங்கினார்கள். 1965-ல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், சுமார் 2.3 கி.மீ. ஆழத்தில், ஒரு விஞ்ஞானிகள் கூட்டம் காத்திருந்தது ஒரு சாய்ந்த கோட்டுக்காக.

பள்ளிக்கூடப் பாடம்தான். இரு பக்கமும் முடிவில்லாமல் நீள்வது கோடு. ஒரு புள்ளியில் தொடங்கி ஒரே திசையில் போவது கதிர். ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும் இரு கதிர்களுக்கு நடுவே உள்ள விரிவு கோணம். பரீட்சை முடிந்ததும் பெரும்பாலோர் மறந்துவிடுகிற சமாசாரம்.

காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது மியூவான்களும் நியூட்ரினோக்களும் பிறக்கின்றன. மியூவான் பாறையைத் துளைக்கும். ஆனால் போகப்போகச் சக்தி குறையும். சுமார் 2.7 கி.மீ. ஆழத்தில் முன்பு 2 மாதம் கருவி வைத்துப் பார்த்தபோது ஒன்றுகூட வந்து சேரவில்லை. நியூட்ரினோவுக்கோ பாறை ஒரு பொருட்டே அல்ல. பூமியையே ஊடுருவிவிடும். மிக அபூர்வமாக ஒன்று பாறையின் அணுவில் மோதி, அங்கேயே ஒரு மியூவானை உண்டாக்கும். சிக்கல் இதுதான்: கருவியில் சிக்கிய மியூவான் மேலேயிருந்து தப்பி வந்ததா, நியூட்ரினோ பெற்றுப் போட்டதா? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கோணத்தைப் பார்த்துச் சொல்லலாம்.

ஜியோமெட்ரி பாக்ஸில் உள்ள 30-60 மூலைமட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதன் நீளமான பக்கம், மிகச் சிறிய பக்கத்தைப்போல் சரியாக இரு மடங்கு. நேராக இறங்கும் மியூவானுக்கு 2.3 கி.மீ. பாறை என்றால், செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்து வருவதற்கு 4.6 கி.மீ. 80 டிகிரி என்றால் 13 கி.மீ.க்கும் மேல். அத்தனை பாறையைக் கடந்து மேலேயிருந்து எதுவும் வராது. ஏறக்குறைய படுக்கைவாட்டில் ஒரு தடம் விழுந்தால், காரணம் நியூட்ரினோதான்.

அதனால்தான் கருவிகளைத் தரையில் பரப்பாமல், சுவர்போல் நிமிர்த்தி வைத்தார்கள். மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், ஜப்பானின் ஒசாகா சிட்டி, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்த வேலை இது, எம்.ஜி.கே. மேனனும் பி.வி. ஸ்ரீகண்டனும் அதில் இருந்தார்கள். துகள் கடந்த வழியில் நியான் குழாய்கள் மின்னும். மின்னிய புள்ளிகளை இணைத்தால் கோடு. அது எந்த முனையில் தொடங்கியது என்பதைக் குழாய்களின் வெளிச்சம் மட்டும் சொல்லாது. அதாவது கோடு கிடைத்தது, கதிர் கிடைக்கவில்லை. படுக்கைத் தடத்துக்கு அது பெரிய குறையும் அல்ல; இரண்டு பக்கமும் கிலோமீட்டர் கணக்கில் பாறைதானே.

காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவைப் பிடித்த செய்தி 1965 ஆகஸ்டில் 'பிசிக்ஸ் லெட்டர்ஸ்' இதழில் வந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இதே வேட்டையில் இருந்த ஃபிரெடரிக் ரெய்ன்ஸ் குழுவின் கட்டுரையும் அதே மாதம்தான் வெளியானது. தங்கவயலைச் சினிமாவால் மட்டும் அறிந்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கும்.

சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். பம்புகள் நின்றுபோக, ஆழத்தில் தண்ணீர் ஏறிவிட்டது.