ஒரே பருவத்தை வைத்து உயரமான ஃபார்வர்டை எடை போடாதீர்கள்: கிளப் உறுப்பினர்களின் கோரிக்கைச் சாசனம்

ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கின் கிளப் நிர்வாகக் குழுக்களுக்கும், வீரர் பட்டியலை முடிவு செய்யும் மேலாளர்களுக்கும், லீக் ஆணையத்துக்கும், ஆண்டுதோறும் சந்தா கட்டி மழையிலும் குளிரிலும் கேலரியில் வந்து உட்காரும் உறுப்பினர்களாகிய நாங்கள் முன்வைப்பது.

ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் மெல்பர்னில் எங்கு திரும்பினாலும் ஒரு கேள்வி காதில் விழும். ஒப்பந்தம் முடிகிற அந்த நெட்டை ஃபார்வர்டை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா? கிளப்பின் பெயர் மாறும், வீரரின் பெயர் மாறும், கேள்வி மாறாது. எங்கள் பதில்: வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், அதற்கான காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. தன் இடத்துக்காக வாதாட வேண்டிய நிலை அந்த வீரருக்கு வரக் கூடாது.

இந்தப் பதிலுக்கு எங்களைக் கொண்டுவந்தவர் பென் பிரவுன்.

டாஸ்மேனியாவில் பிறந்தவர், 200 சென்டிமீட்டர் உயரம். இளவயதிலேயே முழங்கால் தசைநார் கிழிந்து, கிளப்புகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுகள் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் யாரும் சீண்டாமல் விட்டு, கீழ்மட்ட லீக்கில் வெரிபி அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவரை 2013 டிராஃப்டில் 47ஆவது ஆளாக நார்த் மெல்பர்ன் எடுத்தது. அப்போது அவருக்கு வயது 21. மற்றவர்கள் 18 வயதில் நுழைகிற கதவு அது. கோலுக்கு உதைக்கும் முன் அவர் பின்னால் நடந்து போகும் தூரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? போய்க்கொண்டே இருப்பார். பிறகு திரும்பி, அந்தத் தூரம் முழுக்க ஓடி வந்து உதைப்பார். எதிரணி ரசிகர்கள் கத்தித் தீர்ப்பார்கள், பந்து நடுக் கம்பங்களுக்கு இடையில் போய்விடும். 2017-இல் 63 கோல், 2018-இல் 61, 2019-இல் 64. மூன்று பருவங்களில் 188 கோல். அதிக கோலுக்கான கோல்மன் பதக்கத்தை 2018-இல் ஜாக் ரீவோல்டிடம் நான்கு கோலிலும், 2019-இல் ஜெரமி கேமரனிடம் மூன்று கோலிலும் தவறவிட்டார். 2019-இன் கடைசிக்கு முந்தைய சுற்றில் போர்ட் அடிலெய்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் பத்து கோல் போட்டார். பத்து!

அடுத்த ஆண்டு 2020. கொரோனாவால் பருவம் 17 ஆட்டங்களாகச் சுருங்கியது, கால் பகுதி ஒவ்வொன்றும் இருபது நிமிடத்திலிருந்து பதினாறு நிமிடமாகக் குறைந்தது. மெல்பர்ன் நகரத்துக் கிளப்புகள் மூட்டை முடிச்சோடு வேறு மாநிலங்களுக்குப் போய் அங்கேயே தங்கி ஆடின. நார்த் மெல்பர்ன் மூன்றே ஆட்டங்களில் வென்று பதினேழாம் இடத்தில் முடித்தது. முழங்கால் ஒத்துழைக்காத பிரவுன் 9 ஆட்டங்களில் 8 கோல் போட்டார். ஒப்பந்தம் முடிகிற ஆண்டும் அதுவேதான். புதிய ஒப்பந்தம் இல்லை, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வழியனுப்பிவிட்டார்கள். 188 கோல் கணக்கில் வரவில்லை, 8 கோல் வந்தது.

டிரேடு வழியாக, மெல்பர்ன் என்றே பெயர் கொண்ட இன்னொரு கிளப் அவரை எடுத்துக்கொண்டது. அங்கேயும் முழங்கால் சிகிச்சையால் 2021-இன் தொடக்கச் சுற்றுகளில் அவர் ஆடவில்லை. அந்தக் கிளப் பொறுத்துக்கொண்டது. 2021 செப்டம்பர் 25 அன்று பெர்த்தில் நடந்த இறுதிப் போட்டியில் வெஸ்டர்ன் புல்டாக்ஸை 74 புள்ளி வித்தியாசத்தில் வென்று, 1964-க்குப் பிறகு முதன்முறையாக அந்தக் கிளப் கோப்பையைத் தூக்கியது. பிரவுன் அன்று மூன்று கோல் போட்டார். அதே ஆண்டு நார்த் மெல்பர்ன் கடைசி இடம். மறு ஆண்டும் கடைசி இடம். அதற்கடுத்த ஆண்டு கடைசிக்கு முந்தைய இடம். மூன்று பருவங்களில் மொத்தம் ஒன்பது வெற்றி.

பிரவுன் இருந்திருந்தால் நார்த் கோப்பை வென்றிருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு ஆளால் அந்தச் சரிவைத் தாங்கியிருக்க முடியாது. அவரை அனுப்பியவர்களிடம் ஒரு நியாயமும் இருந்தது. 2016 டிராஃப்டில் வந்த நிக் லார்க்கி என்ற இளைஞர் வளர்ந்துகொண்டிருந்தார். 2023-இல் அவர் 71 கோல் போட்டு, பருவத்தின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல் ஆஸ்திரேலியன் அணியிலும் இடம்பிடித்தார். பிரவுனின் முழங்காலைப் பற்றிய பயமும் பொய்யில்லை, 2024-இல் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இவ்வளவையும் ஒப்புக்கொண்டுதான் பேசுகிறோம். அப்படியும் அந்த முடிவு தவறு என்பதே எங்கள் கருத்து. ஏன் என்பது கீழே உள்ள கோரிக்கைகளில் இருக்கிறது.

முதல் கோரிக்கை. ஒப்பந்தம் முடியும் ஆண்டைத் தனியே பிடுங்கி எடுத்து அளக்காதீர்கள். குறைந்தது மூன்று பருவங்களைச் சேர்த்துப் பாருங்கள். காயத்தால் வெளியே இருந்த ஆட்டங்களை, மோசமாக ஆடிய ஆட்டங்களோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள். உயரமான ஃபார்வர்டு தன் பந்தைத் தானே தேடிக்கொள்ள முடியாது; நடுக்களத்திலிருந்து யாராவது அனுப்பினால்தான் அவருக்கு வேலை. நடுக்களம் சரிந்த அணியில் முதலில் குறைவது அவருடைய கோல் எண்ணிக்கைதான். கிணறு வற்றியதற்கு வாளியைக் குறை சொல்வதா?

இரண்டாவது கோரிக்கை, எண்களில் ஏறாத வேலையையும் எண்ணுங்கள் என்பது. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேலரியில் இருந்து நாங்கள் பார்ப்பதும் உங்கள் அட்டவணை காட்டுவதும் வேறு வேறாக இருக்கின்றன. உயரே வரும் பந்துக்கு மூன்று பேர் தாவுகிறார்கள். நம் ஆளுக்கு மார்க் (பந்தைத் தரையில் படாமல் பிடிப்பது) கிடைக்கவில்லை. ஆனால் எதிரணிக்கும் கிடைக்காமல் பந்தைத் தட்டித் தரையில் போட்டுவிட்டார். அடியில் காத்திருந்த குட்டையான ஃபார்வர்டு பொறுக்கி உதைக்கிறார், ஆறு புள்ளி. கோல் குட்டையானவர் பெயரில் ஏறும். நெட்டையானவர் பெயரில் விலா எலும்பில் வாங்கிய முட்டி மட்டும் ஏறும். எதிரணியின் ஆகச் சிறந்த தடுப்பு வீரர் நான்கு கால் பகுதியும் அவர் தோளிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறார், அதனால் இரண்டாவது ஃபார்வர்டுக்கு இரண்டாம்தரத் தடுப்பாளர்தான் வருகிறார். ரக் வீரர் மூச்சு வாங்க வெளியே போகும் நிமிடங்களில் மைய வட்டத்தில் போய்த் தாவுவதும் பல அணிகளில் இவர்தான்.

மேசன் காக்ஸை நினைத்துப் பாருங்கள். டெக்ஸஸிலிருந்து வந்த கூடைப்பந்து ஆட்டக்காரர், 211 சென்டிமீட்டர். 2014-இல் காலிங்வுட் அவரைச் சேர்த்தபோது அவர் இந்த ஆட்டத்தையே ஆடியதில்லை. 2016 ஆன்சாக் தினத்தில் அறிமுகம், முதல் உதையே கோல். 2018-இல் இறுதிப் போட்டிக்கு முந்தைய தகுதி ஆட்டத்தில் (பிரிலிமினரி ஃபைனல்), நடப்புச் சாம்பியனான ரிச்மண்டின் தடுப்பு அரணை அவர் தலைக்கு மேலேயே உடைத்ததைப் பார்த்தவர் எவரும் மறக்க மாட்டார்கள். அதன் பிறகு கண்ணில் விழித்திரைக் கோளாறு, அறுவைச் சிகிச்சைகள், அணிக்கு உள்ளே வெளியே என்று ஆண்டுகள் போயின. அனுப்பிவிடலாம் என்று சொன்னவர்கள் எங்கள் வரிசையிலேயே இருந்தார்கள். காலிங்வுட் வைத்துக்கொண்டது. 2023 இறுதிப் போட்டியில் பிரிஸ்பேனை நான்கு புள்ளியில் வென்ற அணியில், 32 வயதில், அவர் இருந்தார். நான்கு புள்ளி என்பது ஒரு கோலை விடக் குறைவு. அவ்வளவு நூலிழையில் முடியும் ஆட்டத்தில் ரக் வேலையைப் பகிர்ந்துகொண்ட ஒரு உடம்பின் மதிப்பை எந்த அட்டவணையில் எழுதுவீர்கள்?

மூன்றாவது: இளைஞர் வளர்கிறார் என்பதை மூத்தவரை அனுப்பும் காரணமாகச் சொல்லாதீர்கள். வளரும் பையனுக்குத்தான் மூத்தவர் தேவை. லார்க்கி இருபதுகளின் தொடக்கத்தில் எதிரணியின் முதல்தரத் தடுப்பாளரைத் தனியே சுமந்தார். அவர் திறமைசாலி, தாங்கினார். எல்லாப் பையன்களும் தாங்க மாட்டார்கள். இருபது வயதில் தொண்ணூறு கிலோகூட எட்டாத ஒரு நெட்டைப் பையனை, நூறு கிலோ தடுப்பாளர் இருவருக்கு நடுவே வாரா வாரம் நிறுத்தினால் அவன் தோள் போகும், அதற்கு முன் தன்னம்பிக்கை போகும். இது அந்தப் பையனுக்காகவும் நாங்கள் வைக்கும் கோரிக்கை.

பணம் பற்றி நான்காவது கோரிக்கை. சம்பள உச்சவரம்பு உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். முப்பதை நெருங்கும் வீரருக்கு நான்காண்டு ஒப்பந்தம் கொடுத்து மூன்றாம் ஆண்டில் கையைப் பிசைந்த கிளப்புகளையும் கண்டிருக்கிறோம். அப்படி நீண்ட ஒப்பந்தம் கேட்கவில்லை. ஒரு வருடம் கொடுங்கள். அடிப்படைச் சம்பளத்தைக் குறையுங்கள், ஆடும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஏற்றிக் கொடுங்கள், குறிப்பிட்ட ஆட்டங்களை எட்டினால் இரண்டாம் வருடம் தானாகத் தொடரட்டும். அந்தத் தாளை மேசையில் வைத்த பிறகு வீரர் மறுத்தால் அது அவர் முடிவு, நாங்கள் உங்களைக் கேள்வி கேட்க மாட்டோம். தாளே வைக்காமல் கதவைக் காட்டுவதைத்தான் ஏற்க முடியாது.

பொறுமை எப்போதும் பலன் தரும் என்று சொல்லி ஏமாற்றவும் மாட்டோம். எசென்டனின் ஜோ டேனிஹர் 2017-இல் 65 கோல் போட்டார். பிறகு இடுப்புக்குக் கீழே காயம். அடுத்த மூன்று பருவங்களில் 7, 4, 4 ஆட்டங்கள்தான். நடுவில் அவர் வேறு கிளப்புக்குப் போகக் கேட்டபோதும் எசென்டன் விடவில்லை. 2020 முடிவில் ஒப்பந்தம் தீர்ந்ததும் பிரிஸ்பேனுக்குப் போனார். 2024-இல் அங்கே கோப்பை வென்றுவிட்டு ஓய்வு பெற்றார். எசென்டன் காத்திருந்தது, கனி வேறு வீட்டுத் தோட்டத்தில் விழுந்தது. எசென்டன் ரசிகர்களுக்கு இன்னும் ஆறாத புண் இது. ஆனால் அந்தக் காத்திருப்பைத் தவறென்று நாங்கள் சொல்ல மாட்டோம். போக விரும்பும் வீரரைக் கட்டிப்போடுவது வேறு, இருக்க விரும்பும் வீரரை வைத்துக்கொள்வது வேறு. எங்கள் கோரிக்கை இரண்டாவதைப் பற்றியது மட்டுமே.

ஐந்தாவது கோரிக்கை லீக் ஆணையத்துக்கு. கிளப் தன் பட்டியலிலிருந்து நீக்காத வரை, பொதுவாக ஒரே கிளப்பில் எட்டு ஆண்டு முடித்தவருக்குத்தான் சுதந்திரமாக வேறு கிளப் தேடும் உரிமை. பிரவுன் நார்த்தில் ஏழு பருவம் முடித்திருந்தார். அதாவது, வேண்டாம் என்று சொன்ன கிளப்பே, அவருக்கு ஈடாக டிராஃப்ட் தேர்வுகளைப் பேரம் பேசும் உரிமையையும் வைத்திருந்தது. ஒப்பந்தம் தர மாட்டோம் என்று ஒரு கிளப் அறிவித்த நாளிலிருந்து அந்த வீரர், எத்தனை ஆண்டு ஆடியிருந்தாலும், விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்று விதி எழுதுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வேண்டாம் என்று தூக்கிப் போடுகிற கறிவேப்பிலைக்கு விலை கேட்பது முறையில்லை.

கடைசியாக, சொல்லும் முறை. பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு முன்னால் முடிவெடுங்கள். முதலில் வீரரிடம் சொல்லுங்கள், நேரில், பயிற்சியாளரும் பட்டியல் மேலாளரும் உட்கார்ந்து. மறுநாள் எங்களிடம் சொல்லுங்கள். பத்திரிகையில் கசிந்து, அதைப் படித்து, அவர் மனைவியும் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளும் நிலை வேண்டாம். முன்கூட்டியே சொன்னால் நாங்கள் வந்து எழுந்து நின்று கைதட்டி அனுப்புவோம். பிரவுன் நார்த் மெல்பர்னுக்காகக் கடைசியாக ஆடிய பருவத்தில் எங்கள் நகரம் பூட்டிக் கிடந்தது, மைதானம் வேறு மாநிலத்தில் இருந்தது. யாரும் எழுந்து நிற்க முடியவில்லை.

இந்த ஆண்டும் உங்கள் பட்டியலில் ஒப்பந்தம் முடியும் உயரமான ஃபார்வர்டு ஒருவர் இருப்பார். அவருடைய பெயருக்கு எதிரே இந்த ஆண்டின் எண்களை மட்டும் எழுதிக்கொண்டு கூட்ட அறைக்குள் போகாதீர்கள். கடந்த மூன்று ஆண்டுகளின் ஆட்டப் பதிவுகளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டு அந்த ஒரு வருட ஒப்பந்தத் தாளை அவர் முன் வையுங்கள்.